எண்பதுக்கும் தொண்ணூறுக்கும் இடையில்

கமராவின் பின்மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு, விளக்கை அணைக்கச் சொன்னாள் றிபா. சாச்சா நூஹு எழுந்து சுவிட்சைத் தட்டி, யன்னல் சேலையையும் இழுத்துவிட்டார். முற்பகல் வெளிச்சம் போய் அறை மங்கியது. கட்டிலில் கிடந்த வாப்பா கண்ணை மூடியபடியே, "முதல் ஷட்டர்ட ஓட்டத்தக் கேப்பம். கண்ணாடிய பிறகு பாக்கலாம்" என்றார். குரல் பாதிதான் வெளியே வந்தது.

வாப்பா அப்துல் ஸமட்டின் இரண்டு சிறுநீரகங்களும் நின்றுபோயிருந்தன. இனி இரத்தம் சுத்திகரிக்க உடம்பு தாங்காது என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்டது இரண்டு பேரை. ஒன்று, ஒரே மகள் றிபா. மற்றது, இன்னொருவரின் படகில் கடலுக்குப் போயிருந்த தம்பி நூஹு. கமராவை மகளுக்கு விற்க வேண்டும், தம்பி சாட்சியாக இருக்க வேண்டும் என்றார்.

கொடுத்தாலென்ன, ஏன் விற்க வேண்டும் என்று நூஹு கேட்டார். அதற்கு ஸமட் பொறுமையாகப் பதில் சொன்னார். மகன் இல்லாத வீடு. அவர் மௌத்தானால் அவருடைய பொருளில் பாதி மகளுக்கு, எட்டில் ஒன்று மனைவி சுல்பிகாவுக்கு, மீதி தம்பிக்கு. மௌத்து நோயில் கிடப்பவர் ஒரு வாரிசுக்கு மட்டும் எதையும் சும்மா கொடுத்தால், மற்ற வாரிசுகள் மனம் ஒப்ப வேண்டும். நியாயமான விலைக்கு விற்றால் அந்தச் சிக்கல் இல்லை. பொருள் மகளுக்குப் போகும். காசு எல்லோருக்கும் பிரியும்.

"நான் ஒப்புறன் காக்கா. முடிஞ்சிதானே?"

"நீ ஒப்புவாய் எண்டு தெரியும். உன்ட போட் எஞ்சின் பழுதாகிக் கிடக்கிறதும் தெரியும். அதுதான் விக்கிறன்."

நூஹு சரியென்று தலையாட்டினார்.

கமரா றிபாவுக்குப் பிழைப்பு. கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கம் படமெடுப்பவள் அவள். கையில் நல்ல டிஜிட்டல் கமராவும் இருந்தது. ஆனால் மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் சில வீடுகளில், தலையில் சேலை இல்லாமல் அலங்கரித்து நிற்கும் மணப்பெண்ணின் படம் ஒருவருடைய கார்டிலும் போனிலும் கிடக்கக்கூடாது என்பார்கள். பிலிம் என்றால் அந்தப் பயம் இல்லை. ஒரு சுருளில் பன்னிரண்டு படம். றிபாவே வீட்டில் கழுவி, பிரதி போட்டு, நெகட்டிவையும் மணப்பெண்ணின் கையில் கொடுத்துவிடுவாள். பிறகு உலகத்தில் வேறெங்கும் அந்தப் படம் இல்லை. அப்படிக் கேட்டு வரும் வீடுகளால்தான் இரண்டு வருடமாக அவளுக்கு வருமானம் வந்துகொண்டிருந்தது. வாப்பாவின் ஸ்டூடியோ மூடிய பிறகு அலுமாரியில் கிடந்த இந்த ரொலைஃப்ளெக்ஸ் கமரா அப்படித்தான் திரும்ப வேலைக்கு வந்தது.

அதன் அமைப்பு எளிமையானது. முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ் கண்ணாடிகள். மேல் கண்ணாடி பார்ப்பதற்கு மட்டும். அதன் பின்னால் சாய்ந்து நிற்கும் முகக்கண்ணாடி உருவத்தை மேலே திருப்பிவிடும், எடுப்பவர் குனிந்து பார்ப்பார். படம் எடுப்பது கீழ் கண்ணாடி. ஷட்டரும் அதற்குள்தான்.

றிபா வேகத்தை ஒரு செக்கனில் வைத்து அழுத்தினாள். சின்னப் பற்சக்கரங்கள் சர்ர்ரென்று ஓடி, டக்கென்று நின்றன. வாப்பாவின் உதடு அசைந்தது. ஸ்டூடியோவில் இருட்டறைக்குள் நேரம் பார்க்க அவர் மணிக்கூடு வைத்ததில்லை. அவசரப்படாமல் ஒரு சுப்ஹானல்லாஹ் சொன்னால் ஒரு செக்கன்.

"ஒண்டு முடிஞ்சி அடுத்ததும் பாதி ஓடிட்டு" என்றார். "ஒண்டுக்கு ஒண்டரை ஓடுது."

"கிறீஸ் காய்ஞ்சிருக்கும் வாப்பா. வேகமான ஓட்டமெல்லாம் சரி. கழுவினா இதுவும் சரியாகும்."

"கழுவக் காசு வேணுமே. சுஜிந்தன் எவ்வளவு சொன்னார்?"

சுஜிந்தன் பாண்டிருப்பில் பிறந்து கொழும்பில் பழைய கமரா வாங்கி விற்பவர். போனில் ஒரு லட்சத்து இருபதாயிரம் சொல்லியிருந்தார். றிபா சொன்னாள்.

"பாக்காமச் சொன்ன விலை. ஒரு லட்சம் எண்டு வை. இப்ப கண்ணாடியப் பார்."

பழைய கண்ணாடியைப் பார்க்க ஒரு முறை உண்டு. ஷட்டரைத் திறந்தபடி நிற்கவைத்து, முன்னாலிருந்து டோர்ச்சைச் சாய்த்து அடித்து, பின்பக்கத்தால் பார்க்க வேண்டும். நேராக அடித்தால் எல்லாக் கண்ணாடியும் புதிதாகத்தான் தெரியும். சாய்ந்த ஒளியில்தான் உள்ளே இருப்பது வெளியே வரும். றிபா சாய்த்தாள். இன்னும் கொஞ்சம் சாய்த்தாள்.

விளிம்போரம், கீழ் கண்ணாடிக்குள் அடுக்கியிருக்கும் வில்லைகளுக்கு நடுவே, மயிரைவிட மெல்லிய நூல்கள் மூன்று கிளைவிட்டுக் கிடந்தன.

மாரி ஈரம். கடல் ஐந்நூறு மீற்றர் தூரத்தில் இருக்கும் வீட்டில் கண்ணாடியில் பூஞ்சணம் பிடிப்பது அதிசயமில்லை. எடுக்கும் படத்தில் அது தெரியாது. தெரியாது என்பதற்காக இல்லையென்று ஆகாது. அது வளரும்.

அவள் டோர்ச்சை அணைக்காமலே நின்றாள். வாப்பாவின் கண்ணுக்கு இப்போது கதவும் சுவரும்தான் பிரியும். சாச்சாவுக்கு இதில் ஒன்றும் தெரியாது. அங்கே நூல் இருக்கிறது என்பதற்கு அவளுடைய சொல் மட்டும்தான் ஆதாரம். அந்தச் சொல்லால் விலை இறங்கும். வாங்குகிறவளும் அவளேதான். விலை இறங்க இறங்க, எஞ்சின் பழுதாகிக் கிடக்கும் மனிதரின் பங்கும் இறங்கும்.

"என்ன புள்ள, சத்தமில்ல?"

"ஓரத்தில கொஞ்சம் பூஞ்சணம் வாப்பா."

"எந்தக் கண்ணாடி?"

"கீழ் கண்ணாடி. உள்பக்கம்."

வாப்பா தம்பி இருந்த பக்கம் தலையைத் திருப்பினார். பிறகு, குறையை மறைத்து விற்றதாக ஆகக்கூடாது, தம்பிக்குக் கேட்கும்படி சொல்லு என்றார். றிபா திரும்பவும் சொன்னாள்.

"எண்பது" என்றார் வாப்பா. "எண்பதாயிரத்துக்கு வித்தன்."

விற்கிறவர் விற்றேன் என்று சொல்லி, வாங்குகிறவர் வாங்கினேன் என்று சொன்னால் வியாபாரம் முடிந்தது. கடதாசி தேவையில்லை. நூஹு தொப்பியைச் சரிசெய்து நிமிர்ந்து உட்கார்ந்தார். வாங்கினேன் என்ற ஒரு சொல்லைத்தான் றிபாவிடம் இரண்டு பேரும் எதிர்பார்த்தார்கள்.

இருபதாயிரம் கூடுதலான கழிவு என்று றிபாவுக்குப் பட்டது. ஓரத்தில் மூன்று நூல், அவ்வளவுதான். அவளுக்கு வசதியான விலைக்கு வாப்பா வந்து நிற்கிறாரோ என்றும் பட்டது.

"தொண்ணூறு" என்றாள்.

நூஹு நெற்றியில் கை வைத்தார். "அல்லாஹ்வே, வாங்குறவ விலையக் கூட்டுறாளே காக்கா. இவள மீன் வாங்க மட்டும் அனுப்பிராதீங்க."

வாப்பா சிரித்தார். சத்தம் வரவில்லை, தோள் மட்டும் கொஞ்சம் குலுங்கியது. "களைக்குது. லுஹருக்குப் பிறகு முடிப்பம்" என்றார்.

யன்னல் சேலையைத் திறந்துவிட்டார்கள். உம்மா கரண்டியால் இரண்டு மிடறு தண்ணீர் பருக்கினாள். நூஹு தலைமாட்டில் இருந்து யாசீன் ஓதத் தொடங்கினார். றிபா மேசையருகே இருந்து, ஒன்றரை லட்சத்துக்கும் அறுபதுக்கும் இடையில் இதே வகைக் கமராக்கள் என்ன விலைக்குப் போயிருக்கின்றன என்று போனில் தேடினாள். பூஞ்சணம் உள்ளவை, ஓட்டம் பிந்துபவை, இரண்டும் உள்ளவை. தொண்ணூறு பிழையில்லை என்று தோன்றியது. எண்பத்தெட்டு என்றாலும் பிழையில்லை.

நூஹுவின் ஓதல் ஒரு வசனத்தின் நடுவில் நின்றது.

அவர் குனிந்து காக்காவின் மூக்கருகே புறங்கையை வைத்துப் பார்த்தார். பிறகு கண்ணிமைகளை இழுத்து மூடினார். உம்மா வாசலில் கரண்டியோடு நின்றாள். றிபா எழுந்தாள். எழும்போது கமராவின் பின்மூடி திறந்தே கிடப்பதைக் கண்டு, தூசி உள்ளே போகுமென்று அதை மூடி, கொளுவியைத் திருப்பிவிட்டுத்தான் கட்டிலடிக்குப் போனாள். பள்ளியில் நடுப்பகல் லுஹருக்குப் பாங்கு சொல்ல இன்னும் நேரமிருந்தது.

அதன்பிறகு வேலைகள் தாமாகவே நடந்தன. நூஹு வெள்ளைத் துணிக் கீற்றால் நாடியைத் தலையோடு சேர்த்துக் கட்டினார், கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டினார். பள்ளி ஒலிபெருக்கியில் பெயர் சொன்னார்கள். பிளாஸ்டிக் கதிரைகள் வந்தன. ஆண்கள் பின் வளவில் சேலை மறைத்துக் குளிப்பாட்டினார்கள். பெண்கள் உம்மாவைச் சுற்றி உட்கார்ந்தார்கள். சாய்ந்தமருதில் நாளைக்கு அடுத்தநாள் கல்யாணம் வைத்திருந்த வீட்டிலிருந்து ஒரு பெண் வந்து றிபாவின் கையைப் பிடித்து, அதைப்பற்றி யோசிக்க வேண்டாம் என்றாள். கொஞ்சம் பொறுத்து, பிலிம் கமராவோடு வேறு யாரும் எடுக்கிறார்களா என்றும் மெதுவாகக் கேட்டாள். இல்லை என்றாள் றிபா. அந்தப் பெண் தலையாட்டிவிட்டு உம்மாவிடம் போய் இருந்தாள்.

அஸர் தொழுகைக்குப் பின் ஜனாஸாவைத் தூக்கிப் போனார்கள். பெண்கள் வாசல்வரை. சந்தூக்குப் பெட்டி சந்தி திரும்பும்வரை றிபா நின்றாள். உள்ளே வந்தபோது அறை கழுவியிருந்தது. கமரா மேசையில் வைத்தபடியே இருந்தது. அதைத் தன்னுடைய அறைக்கு எடுத்துப்போக அவள் கை நீட்டவில்லை. காலைவரை அது வாப்பாவுடையது. இப்போது மூன்று பேருடையது.

மாலை மஃரிப் தொழுகைக்கு முன்னர் நூஹு திரும்பி வந்தார். கை கழுவியிருந்தாலும் முழங்கைவரை மையவாடிக் குழியின் குருமணல் ஒட்டியிருந்தது. கணவனை இழந்தவள் தனித்திருக்கும் இத்தாவில் உம்மா இருந்ததால் உள்ளறைச் சேலைக்குப் பின்னால்தான் இருந்தாள். நூஹு கூடத்தில் உட்கார்ந்து தேத்தண்ணியைக் குடித்து முடித்தார். நாளைக்கு ஆட்கள் வந்துவிடுவார்கள், காக்கா பாதியில் விட்ட கதையை இன்றைக்கே முடித்துவிட வேண்டும் என்றார்.

"எண்பதுக்கு வித்தார். நான் சாட்சி. கமரா உன்டது."

"நான் வாங்கினன் எண்டு சொல்லல்ல சாச்சா."

"தொண்ணூறு எண்டாயே. கடற்கரையில கேட்ட விலைக்கு மேல ஒருத்தன் சொன்னா, மீன் அவன்ட கூடையிலதான். அதுக்குப் பிறகு ஒருத்தரும் வாய் திறக்கிறல்ல."

"வாப்பா தொண்ணூறுக்கு ஓம் எண்டு சொல்லல்ல."

"சிரிச்சாரே."

"சிரிச்சது கணக்கில்ல சாச்சா."

சேலைக்குப் பின்னால் தஸ்பீஹ் மணி உருளும் சத்தம் நின்றது. றிபா மெதுவாகத் தொடர்ந்தாள். இது இப்போது மூவருடைய பொருள். கொழும்பு ஆள் ஒரு லட்சத்து இருபது சொன்னது சாச்சாவுக்குத் தெரியும். அவரிடம் குறையைச் சொல்லி, என்ன தருகிறார் என்று கேட்கலாம். கூடத் தந்தால் அவருக்கே கொடுக்கலாம்.

நூஹு எழுந்து மேசைக்குப் போனார். கமராவையும் டோர்ச்சையும் எடுத்தார். ஒரு கண்ணை இறுக்கி மூடி, கண்ணாடிக்கு மிக நெருக்கமாக வைத்து நெடுநேரம் பார்த்தார்.

"ஓம், இரிக்கி. சிலந்தி வலை மாதிரி. நல்லாத்தான் புடிச்சிரிக்கி. இதுக்கு எண்பதே கூட."

றிபா அவர் டோர்ச் அடித்த இடத்தைப் பார்த்தாள்.

"நீங்க பாக்கிறது மேல் கண்ணாடி சாச்சா."

டோர்ச் அங்கேயே நின்றது. "மேலயும் இரிக்கும்" என்றார், கண்ணை எடுக்காமல்.

"அதில ஒண்டுமில்ல தம்பி" என்றது உள்ளிருந்து உம்மாவின் குரல். காலையிலிருந்து அவள் பேசிய முதல் பேச்சு அது. "சரியானதக் காட்டு மகள்."

றிபா பின்மூடியைத் திறந்தாள். ஷட்டரைத் திறந்து பிடித்தாள். சாச்சாவின் மணிக்கட்டைப் பிடித்து டோர்ச்சைச் சாய்த்தாள், அவருக்குத் தெரியும்வரை. மூச்சு விடாதீர்கள், பனிக்கும் என்றாள். அவர் மூச்சைப் பிடித்தார்.

"இந்த மூண்டு நூலா?"

"ஓம்."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"இதுக்கா காக்கா இருபது குறைச்சார்?"

நூஹு கமராவைக் கீழே வைக்காமல் இரண்டு கையிலும் வைத்துக்கொண்டு நின்றார்.

"தொண்ணூறு சரியான விலைதானா புள்ள? உனக்காகக் கேக்கல்ல, எனக்காகத்தான் கேக்கிறன்."

"எண்பத்தெட்டும் சரி. தொண்ணூறும் சரி. இருபத்தஞ்சு இடத்தில பாத்தன்."

"அப்ப தொண்ணூறு. மதினி?"

"எனக்கும் சரி" என்றாள் உம்மா.

"நாங்க வித்தம்" என்றார் நூஹு. பிறகு காத்திருந்தார்.

பள்ளியில் ஒலிபெருக்கியைத் தட்டிப் பார்த்தார்கள். றிபா தொண்டையைச் செருமினாள்.

"வாங்கினன்."

நூஹு கமராவை அவள் கையில் வைத்துவிட்டு, தொழுகைக்கு ஒளு எடுக்கக் கிணற்றடிக்குப் போனார். வாளி இறங்கும் சத்தம் கேட்டது.

மேல் கண்ணாடியில் அவருடைய விரல் பட்டிருந்தது. விளிம்பில் நாலைந்து மணல்கள். மணலைத் துணியால் துடைக்கக் கூடாது, கண்ணாடி கீறும். ஊதித்தான் எடுக்க வேண்டும். வாயாலும் ஊதக் கூடாது. றிபா பையிலிருந்து ரப்பர் ஊதியை எடுத்து, கமராவைக் கவிழ்த்துப் பிடித்து, ஒவ்வொன்றாக ஊதினாள். ஒரு மணல் மட்டும் விளிம்பின் இடுக்கில் சிக்கி அசையாமல் இருந்தது. அவள் இன்னொரு தரம் ஊதினாள். பிறகு ஊதியைக் கீழே வைத்தாள். மேல் கண்ணாடியில் என்ன கிடந்தாலும் படத்தில் விழாது.

மூடியைப் போட்டாள்.