துடைக்கத் துடைக்க

அப்பாத்துரை மாமா தன் வெள்ளைக் கைக்குட்டையை உதறி, கறுப்புக் காரின் பானட்டில் ஒரு முழ நீளத்துக்கு இழுத்தார். பிறகு குனிந்து டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தார்.

"வாலே இங்கன. இது என்னது?"

பெர்லின் பார்த்தான். கைக்குட்டை போன தடத்தில் பொடிப்பொடியாகத் தூசி உட்கார்ந்திருந்தது.

"இப்பதான் மாமா துடைச்சேன்."

"துடைச்ச லட்சணம்தான் தெரியுதே. மறுபடியும் துடை."

மாமா பிளாஸ்டிக் திரையை விலக்கிக்கொண்டு வெளியே போனார்.

பாளையங்கோட்டைக்கு வெளியே, புறவழிச்சாலை ஓரத்தில் இருந்தது மாமாவின் கார் பாலிஷ் கடை. ஆடிக் காற்று நாள் முழுக்கப் புழுதியை வாரிக்கொண்டு வந்ததால், கூரையிலிருந்து தரைவரை பிளாஸ்டிக் தாளால் ஓர் அறையைக் கட்டி, இடைவெளிகளில் டேப் ஒட்டி, ஏசியும் வைத்திருந்தார். அது மாமாவின் சொந்த யோசனை. ஏசி ஈரத்தை உறிஞ்சிவிடுவதால் உள்ளே உதடு வெடிக்கும். சாலையில் போகும் லாரிகள் வேறு யாருடைய கனவிலோ போவதுபோல் கேட்கும்.

இந்தக் கார் முடிந்தால் பெர்லின் போகலாம். கோயம்புத்தூரில் ஒரு பம்பு கம்பெனியில் வேலை கிடைத்திருந்தது. சாயங்காலம் பஸ். ஆனால் அசல் சர்டிபிகேட்டோடு வரச் சொல்லியிருந்தார்கள். டிப்ளமோ முடித்துக் கடையில் சேர்ந்த அன்றே, "எங்கிட்ட பத்திரமா இருக்கட்டும் மருமவனே" என்று மாமா அதை வாங்கிக் கடையிலிருந்த தன் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தார். சாவி அவர் இடுப்பில். எப்போது கேட்டாலும் ஒரு வண்டி மிச்சமிருந்தது. இந்த முறைதான் தெளிவாகச் சொன்னார்: "தாவூது பாய் வண்டி முடியட்டும். நான் கைக்குட்டைய வச்சு இழுத்தா ஒரு பொட்டுத் தூசி வரக் கூடாது. எடுத்துட்டுப் போயிரு."

பெர்லின் மறுபடி துடைத்தான். கறுப்பு பெயிண்ட் நிலவில்லாத ராத்திரியின் ஆறுபோல ஆழமாக இருந்தது. அதற்குள்ளிருந்து அவன் முகம் மேலே பார்த்தது. உள்ளே இருப்பவனும் ஒரு துணியை வைத்துக்கொண்டு, அந்தப் பக்கமிருந்து வழி தேடித் தேய்த்துக்கொண்டிருந்தான். கதவுப் பிடியைத் தொட்டபோது விரலில் சுருக்கென்று குத்தியது. கையை எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தால், துடைத்த இடத்தில் தூசி.

உலர்ந்த துணியைப் போட்டுவிட்டு, பஞ்சுத் துணியை நனைத்து ஒட்டப் பிழிந்து ஒருமுறை துடைத்தான். சற்றுக் காத்திருந்தான். ஒரு பொட்டுகூட இல்லை.

மாமா வந்தார். கைக்குட்டையை இழுத்தார். இழுத்த தடத்தில் தூசி.

"என்ன மருமவனே, தூசியை வளக்கியா?"

இந்தத் தடவை பெர்லின் தூசியைப் பார்க்கவில்லை. கைக்குட்டையைப் பார்த்தான். தூக்கியதும் அது மாமாவின் சட்டைக் கையில் போய் ஒட்டிக்கொண்டது. அவர் முன்கை மயிர் எழுந்து நின்றது. காற்றில் மிதந்துகொண்டிருந்த ஒரு பஞ்சிழை, யாரோ பேர் சொல்லிக் கூப்பிட்டதுபோலத் திரும்பி, அந்தத் தடத்தில் வந்து இறங்கியது. பள்ளிக்கூடத்தில் சீப்பைத் தலையில் தேய்த்துக் காகிதத் துணுக்குகளை இழுத்தது ஞாபகம் வந்தது.

தூசியைக் கொண்டுவந்தது அவன் இல்லை. சோதனைதான். இப்படிச் சோதிக்கும்வரை எந்த வண்டியும் தேறாது.

இதை மாமாவிடம் சொல்ல முடியாது. சர்ச் பாடகர் குழுவில் எல்லாருக்கும் கொடுத்த பாலியஸ்டர் கைக்குட்டை அது. இஸ்திரி கலையாது என்று அவருக்குப் பெருமை. அதைக் குறை சொல்வது அவர் பாட்டைக் குறை சொல்வதுபோல.

"கைக்குட்டைல அழுக்கு ஏறியிருக்கு மாமா. அலசித் தாரேன்."

அலசி, பிழிந்து, ஈரத்தோடு கொடுத்தான். மாமா பானட், கூரை, டிக்கி என்று இழுத்துப் பார்த்தார். டார்ச்சை எல்லாப் பக்கமும் சாய்த்தார். கறுப்பு கறுப்பாகவே இருந்தது.

"எப்படிலே?"

"நல்லா துடைச்சேன் மாமா. சாவி..."

மாமா ஈரக் கைக்குட்டையை ஏசியின் வாயில் தொங்கவிட்டார். "இந்தக் கை வேற எவனுக்கு வரும்? கிறிஸ்மஸ் வரைக்கும் இருந்துட்டுப் போயேன்."

"சொன்னீங்களே மாமா."

"சொன்னேன். அப்ப ஒனக்கு வேலை தெரியலயே."

தூசி இருந்தால் போக முடியாது. தூசி இல்லாவிட்டாலும் போக முடியாது. பெர்லின் பானட்டைப் பார்த்தான். உள்ளே இருந்தவன் இன்னும் உள்ளேதான் இருந்தான்.

அரை மணி நேரம் கழித்து வாசலில் பைக் வந்து நின்றது. மேலப்பாளையத்துத் தாவூது பாய் திரையை விலக்கிக்கொண்டு நுழைந்தார். மகளின் நிக்காஹுக்கு மாப்பிள்ளையை அழைத்துவரப் போகும் வண்டி அது.

"என்ன அண்ணாச்சி, வண்டிய ஐசியூல வச்சிருக்கீரு வே. பொழைச்சிருமா?"

"நீரே பாரும் பாய். இந்தா, ஒம்ம கண்ணு முன்னாடியே இழுக்கேன்."

மாமா ஏசியிலிருந்து கைக்குட்டையை எடுத்து உதறினார். அது படபடவென்று விரிந்தது. நன்றாகக் காய்ந்திருந்தது. அவர் கை பானட்டை நோக்கி இறங்கியது.

பெர்லின் பக்கத்தில் போய், பைய, அவர் காதருகே சொன்னான்.

"அத வண்டி மேல வைக்காதீங்க மாமா. தூசி வந்துரும்."

"ஏம்லே?"

"வரும். பாய் முன்னாடி வரும்."

மாமாவின் கை அங்கேயே நின்றது. "வராம இருக்க என்ன செய்யணும்?"

"பீரோவத் திறக்கணும்."

மாமா அவனைப் பார்த்தார். புதிதாகக் கடைக்கு வந்த ஒருவனைப் பார்ப்பதுபோல.

"மாமனும் மருமவனும் என்ன வே ரகசியம்?" என்றார் பாய்.

"ஒண்ணுமில்ல பாய். சாவி கேக்கான்." மாமா இடுப்பிலிருந்து சாவியை எடுத்து, அவன் முகத்தைப் பார்க்காமல் நீட்டினார்.

பெர்லின் பீரோவைத் திறந்து சர்டிபிகேட் உறையை எடுத்துச் சட்டைக்குள் செருகினான். திரும்பி வந்து கைக்குட்டையை வாங்கி, வாளித் தண்ணீரில் முக்கிப் பிழிந்து, சாவியோடு சேர்த்து மாமாவின் உள்ளங்கையில் வைத்தான்.

"காஞ்ச துணி வேண்டாம் மாமா. எப்பவும் ஈரமா இருக்கட்டும்."

மாமா பானட்டில் இழுத்தார். பாய் குனிந்து, அதில் தெரிந்த தன் தாடியைப் பார்த்துத் தடவிக்கொண்டார். "மாஷா அல்லாஹ்" என்றார்.

பெர்லின் திரையைத் தாண்டும்போது பிளாஸ்டிக் அவன் தோளில் வந்து ஒட்டிக்கொண்டது. ஒரு பக்கம் பிரித்தால் மறுபக்கம் முழங்கையில் ஒட்டியது. நின்று, நிதானமாக, தோலிலிருந்து உரிப்பதுபோல அதைப் பிரித்துவிட்டு, காற்றும் புழுதியுமாக இருந்த சாலையில் இறங்கினான்.