கிழக்கே நடந்த கல்லெண்ணெய்

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்து மூன்றாம் வருஷம் ஐப்பசியில், கம்மாபுரத்துத் தாண்டவராயன் பெண்டாட்டி சௌந்தரத்துக்குக் கால் திரும்பி வந்தது. ஆனால் அந்தக் கால் கிழக்கே மட்டும்தான் நடந்தது. வடக்கே கொஞ்சம் சாயும், தெற்கே கொஞ்சம் சாயும், மேற்கே மட்டும் ஒரு அடி எடுத்து வைக்காது. அந்த வருஷம் மழை காலத்தில் பெய்தது, மல்லாட்டை விலை இறங்கியிருந்தது. மற்றபடி ஊரில் விசேஷம் ஒன்றும் இல்லை.

சௌந்தரம் வாழ வந்த இரண்டாம் வருஷமே விஷக்காய்ச்சலில் விழுந்து, பிழைத்து எழுந்தபோது இடுப்புக்குக் கீழே உயிர் இல்லை. அதற்குப் பிறகு ஒரு பலகையில் உட்கார்ந்து, கையை ஊன்றி ஊன்றி நகர்ந்துதான் அடுப்படியும் கூடமும். மாமியார் ஞானாம்பாள் மகனுக்கு வேறு பெண் பார்க்கலாம் என்று ஊர் ஊராகச் சொல்லி வைத்தாள். அந்தப் பேச்சை எடுத்தாலே தாண்டவராயன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விடுவான். அவனுக்குப் பெண்டாட்டியைப் பிடித்திருந்தது, அவ்வளவுதான்; வேறு காரணம் தேடிப் பிரயோஜனமில்லை. தினமும் காலையில் அவளைத் தூக்கிக் கிணற்றடிக்குக் கொண்டுபோவான். "கனக்கறனா மாமா?" என்பாள். "நெல்லு மூட்டையவிட ஜாஸ்திதான்" என்பான். அவள் அவன் காதைப் பிடித்துத் திருகுவாள். இந்த ஒரு பேச்சிலேயே அவர்களுக்கு எட்டு வருஷம் ஓடியிருந்தது.

அவனுடைய நிலத்தைச் சர்க்கார் எடுத்துக்கொண்டது. அடியில் நிலக்கரி பார்க்கத் தோண்டினபோது, ஏடு ஏடாகப் பிரியும் ஒரு கறுப்புக் கல் வந்தது. உரசினால் நாற்றம், நெருப்பில் போட்டால் புகை. இந்தக் கல்லைச் சுட்டு எண்ணெய் எடுக்கலாம் என்று மேலிடத்தில் யாருக்கோ தோன்றி, கடலூர் துறைமுகத்தில் கப்பலிலிருந்து ஒரு இரும்புச் சாமான் இறங்கியது. நெல் கொட்டி வைக்கும் குதிர் மாதிரி நெட்டையாக, வயிறு பெருத்து, தலையில் திருகு மூடியும் தோளில் ஒரு வளைந்த குழாயும் வைத்தது. கூட வந்த இன்ஜினீயர் ராமாமிர்தம் சிதம்பரத்துக்காரர். அவர் அதை ரிட்டார்ட் என்றார், ஊர் கொப்பரை என்றது. கல்லை உடைத்து உள்ளே கொட்டி, காற்றுப் புகாமல் களிமண் பூசி மூடி, கீழே தீ மூட்ட வேண்டும். உள்ளே கல் எரியாது, வேர்க்கும். அந்த வேர்வை ஆவியாகிக் குழாய் வழியே வந்து, தண்ணீர்த் தொட்டிக்குள் குளிர்ந்து, மறுபக்கம் எண்ணெயாகச் சொட்டும். நிலம் கொடுத்த குடும்பம் என்று தாண்டவராயனுக்கே தீத்தள்ளும் வேலை கொடுத்தார்கள்.

இங்கேதான் அவன் ஒரு தப்புச் செய்தான், அந்த வீட்டில் பிறந்தவன் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. அவர்கள் கொல்லையில் எது விளைந்தாலும் முதல் மரக்கால் வீட்டுக்கு வந்து, சாமி முன்னால் வைத்து, வீட்டுப் பெண் தொட்டு எடுத்த பிறகுதான் மிச்சம் வெளியே போகும். கேழ்வரகானாலும் சரி, எள்ளானாலும் சரி. கொப்பரையின் குழாயில் முதல் சொட்டு விழுந்ததும் தாண்டவராயன் வீட்டிலிருந்து கொண்டுவந்த செம்பை நீட்டிவிட்டான். "அட, இது திங்கிற எண்ணெ இல்லப்பா" என்றார் ராமாமிர்தம். "இருக்கட்டும் சார். எங்க கொல்லையில வெளஞ்சது. மொதல் வெள்ளாம ஊட்டுக்குப் போவாம எங்கியும் போவக் கூடாது." கல்லின் வேர்வையை வெள்ளாமை என்று சொன்ன ஆளை அவர் படித்த படிப்பில் எங்கேயும் கண்டதில்லை. சிரித்துக்கொண்டே ஒரு செம்பு விட்டுக்கொடுத்தார்.

சௌந்தரம் அதைச் சாமி விளக்கில் ஊற்றி ஏற்றினாள். வீடெல்லாம் தார் நாற்றம், படமெல்லாம் கரி. போதாததற்கு, காற்றில்லாத கூடத்தில் சுடர் கிழக்கே சாய்ந்து படுத்துக்கொண்டது. விளக்கை அணைத்துவிட்டு, எண்ணெயைக் கொட்ட மனசில்லாமல், எண்ணெய் என்றால் மூட்டுக்கு நல்லதுதானே என்று காலில் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் விடிந்து தாண்டவராயன் அவளைத் தூக்க வந்தபோது பலகை காலியாக இருந்தது. கொல்லைக்கதவு திறந்து கிடந்தது. சோளக்கொல்லையை மிதித்துக்கொண்டு பக்கத்து ஊர் ஏரிக்கரையில் ஏறிக்கொண்டிருந்தவளைச் சைக்கிளில் போய்ப் பிடித்தான். மூச்சு வாங்க, முகமெல்லாம் சிரிப்பாக, "பாத்தியா மாமா, பாத்தியா!" என்றாள். அவன் கரை மேலேயே சைக்கிளைப் போட்டுவிட்டு ஓவென்று அழுதான். அவளைத் திரும்பி வரச் சொன்னபோதுதான் சங்கதி தெரிந்தது. மேற்கே திரும்பினால் பாதம் தரையில் ஒட்டிக்கொண்டது. கேரியரில் உட்கார வைத்துத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

கொப்பரை நின்ற கொட்டகையிலும் அதே கதைதான். பீப்பாயில் பிடித்து வைத்த எண்ணெய் பொழுது விடிவதற்குள் கிழக்குப் பக்க விளிம்பில் ஏறி வழிந்து, தரையில் இறங்கி, மேடு என்றும் பார்க்காமல் போய்க்கொண்டிருந்தது. மூடி போட்டு இறுக்கினால் பீப்பாயே உருண்டது. இந்தக் கல் ஒரு காலத்தில் கடலடிச் சேறு என்று ராமாமிர்தத்துக்குத் தெரியும். அதனால் அது கடலுக்குப் போகப் பார்க்கிறது என்பதையும் அவர் மறுக்கவில்லை. நிற்க வைக்கத்தான் வழி தெரியவில்லை. மனுஷன் சாப்பிட உட்கார்ந்தால் பாதியில் எழுந்துபோய்ப் பீப்பாயைத் தொட்டுப் பார்த்துவிட்டு வருவார். அந்தச் சமயத்தில் மதுவிலக்குப் போலீஸ் வேறு வந்து சேர்ந்தது. அடுப்பு, மூடின பாத்திரம், வளைந்த குழாய், சொட்டுச் சொட்டாக இறங்கும் சரக்கு: சவுக்குத் தோப்புக்குள் இதையே சின்னதாகச் செய்கிறவர்களைத் தேடி அலைந்தவர்களுக்கு இவ்வளவு பெரிய ஊறலைக் கண்டதும் தலைகால் புரியவில்லை. ஏட்டு நடனசபாபதி குனிந்து மோந்து பார்க்கும்போது பீப்பாய் சாய்ந்து முழங்கால்வரை நனைந்துவிட்டார். யூனிபாரமும் தொப்பியுமாகக் கிழக்கே போனவரைச் சேத்தியாத்தோப்பு அணைக்கட்டில் நாலு பேர் பிடித்து வண்டியில் ஏற்றினார்கள். அவர் சம்சாரம் சீயக்காயைக் கரைத்து, வெந்நீர் விட்டு, தேய் தேய் என்று தேய்த்துக் கழுவினாள். எண்ணெய் போனதும் ஏட்டுக்குக் கால் பழையபடி நாலு திசைக்கும் போனது.

இதைக் கேட்டதிலிருந்து ஞானாம்பாள் சீயக்காய் இடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தாள். எண்ணெயை எடுக்க வேண்டாம் என்று தடுத்தது தாண்டவராயன்தான். ஏட்டுக்கு எண்ணெய் போனால் சொந்தக் கால் இருந்தது. இவளுக்கு என்ன இருக்கிறது? வீட்டில் ஒரு மாதிரி சமாளித்தார்கள். கூடத்திலிருந்து அடுப்படிக்கு அவளே நடப்பாள், அது கிழக்கே இருந்தது. அடுப்படியிலிருந்து கூடத்துக்கு அவன் தூக்கி வருவான். ஆனால் உட்கார்ந்தால் கால் சும்மா இருக்காது. அடுப்படிச் சுவரைப் பாதத்தால் தட்டித் தட்டி மண் உதிர்ந்து பள்ளம் விழுந்தது. "எனக்கு எங்கயும் போவணும்னு இல்ல மாமா. நடக்கணும். எத்தினி வருசம் ஒக்காந்தே கெடந்தன்!" என்பாள்.

தை பிறந்ததும் போய்விட்டாள். சேத்தியாத்தோப்பு, புவனகிரி என்று கேட்டுக் கேட்டுப் போனவன், பரங்கிப்பேட்டைக்குப் பக்கத்தில் சின்னூர் கடற்கரையில் கண்டுபிடித்தான். கணுக்கால் அலையில் நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் மீன் காயப்போடும் தனக்கோடி என்கிற பெண்பிள்ளை அவளுக்குச் சோறு போட்டுத் தன் குடிசையில் படுக்கவும் வைத்திருந்தாள். பஸ் ஏற்றி வீட்டுக்குக் கூட்டி வந்தான். மாசியில் மறுபடியும் போனாள், அப்போது முழங்கால்வரை தண்ணீரில் இறங்கியிருந்தாள். பங்குனியில் இடுப்புவரை. அந்தத் தடவை தனக்கோடி தாண்டவராயனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள்: "நல்லா கேட்டுக்கண்ணா. தண்ணியில எறங்கிகினே காலு நிக்க மாட்டேங்குது, நிக்க மாட்டேங்குதுன்னு கத்துச்சு. எங்க ஊட்டுக்காரரு உழுந்து இழுத்தாரு. நாங்க கடலுக்குப் போயிட்டா யாரு இழுப்பா? அந்தக் கால ஏதாச்சும் பண்ணு."

ஊருக்குத் திரும்பின மறுநாள் வெள்ளிக்கிழமை. ஞானாம்பாள் வெந்நீர் போட்டு, சீயக்காய்க் கிண்ணத்தை மகன் கையில் கொடுத்துவிட்டு அந்தண்டை போய்விட்டாள். சௌந்தரம் பார்த்தாள். சண்டை பிடிப்பாள், அழுவாள் என்று நினைத்திருந்தான். அவள் கிணற்றடிக் கல்லில் உட்கார்ந்து புடவையை முழங்காலுக்கு ஏற்றி, காலை அவன் மடியில் தூக்கி வைத்தாள். கால் துடித்துக்கொண்டே இருந்தது. "கழுவு மாமா. நீ பயந்து பயந்து பாதியாயிட்ட. கழுவிட்டு அந்தப் பலவைய எடுத்துப் போடு. ஆனா ஒண்ணு, அப்பறம் எம் மூஞ்சியப் பாத்து நல்லா கீறியான்னு மட்டும் கேக்காத."

அவன் வெந்நீரை ஒரு சொம்பு மொண்டான். பாதத்தைத் திருப்பினான். பலகையில் கிடந்த வருஷங்களில் அது பச்சைப்பிள்ளைப் பாதம் மாதிரி மெத்தென்று இருக்கும். இப்போது குதிகால் வெடித்து, விரல் இடுக்கில் செம்மண் ஏறி, கட்டைவிரலுக்குக் கீழே ஒரு கருவேல முள் பாதி முறிந்து நின்றது. ஊர் ஊராக நடந்த பாதம். இதையா கழுவி எடுப்பது? சொம்பைக் கீழே வைத்துவிட்டு, இடுப்பு முடிச்சிலிருந்து ஊசியை எடுத்து முள்ளைக் கிளப்ப ஆரம்பித்தான். "ஆவ், மெதுவா!" என்றாள். "ஆட்டாத, ஆட்டாத" என்றான். "நானா ஆட்றன்?" என்று அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முள் வருவதற்குள் வெந்நீர் ஆறிப்போயிற்று. ஞானாம்பாள் எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள்.

சித்திரையில் அவன் வேலையை விட்டுவிட்டு, சட்டி பானையோடு சின்னூருக்குக் குடி போனான். ஏரித் தண்ணீருக்கே பயப்படுகிறவன், நீச்சல் தெரியாது. தனக்கோடி குடிசைக்கு அந்தப் பக்கம், அலைக்கு முன்னால் கடைசியாக ஒரு குடிசை போட்டான். கொப்பரையும் ரொம்ப நாள் ஓடவில்லை. எடுத்த எண்ணெயில் ஒரு பீப்பாய்கூட ஆபீசுக்குப் போய்ச் சேராததால் அறுபத்தாறில் அதைக் கழற்றி, கடலூர் பழைய இரும்புக்காரர் ஒருத்தருக்குக் கொடுத்துவிட்டார்கள். ராமாமிர்தம் சிதம்பரத்தில் கல்லூரி வாத்தியார் வேலைக்குப் போனார். கிழக்குச் சன்னதியில் அவரைப் பார்த்தவர்கள், நின்று பேசும்போதும் ஒரு காலை மாற்றி ஒரு கால் வைத்துக்கொண்டே இருந்தார் என்கிறார்கள்.

சௌந்தரத்துக்குத் தொழிலும் அமைந்தது. விடிந்ததும் தாண்டவராயன் அவளைத் தோளில் ஏற்றிக்கொண்டு பரங்கிப்பேட்டை பஸ்சுக்கு நடப்பான். இடுப்பில் கருவாட்டுக் கூடையோடு தனக்கோடி பின்னால் வருவாள். கூடை பஸ்சுக்கு மேலே ஏறும், சௌந்தரம் உள்ளே ஏறுவாள். சிதம்பரத்தில் மாறி சேத்தியாத்தோப்பில் இறங்கி, அங்கிருந்து கருவாடு விற்றுக்கொண்டே கிழக்கே வருவாள். கண்டக்டர்கள் அவளுக்குத் திரும்புகிற டிக்கெட் வேண்டுமா என்று கேட்பதில்லை. வழியிலுள்ள ஊர்களில் யாராவது பேரம் பேசிக்கொண்டு நின்றால் அவர்களும் கூடவே நடந்துகொண்டுதான் பேச வேண்டும். நிற்காமல் போகிறாளே என்று ஆரம்பத்தில் கோபித்துக்கொண்டார்கள். பிறகு காசைக் கையில் எடுத்துக்கொண்டு வாசலில் தயாராக இருந்தார்கள்.

பொழுது சாயும்போது தாண்டவராயன் உலையை இறக்கி வைத்துவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கடலில் இறங்குவான். பயம் போகவில்லை, ஒவ்வொரு அலைக்கும் முருகா முருகா என்று வாய் முணுமுணுக்கும். நெஞ்சளவுத் தண்ணீரில் கரையைப் பார்த்து நிற்பான். கட்டுமரத்தில் வருகிறவர்கள் "தள்ளி நில்லு மாமா" என்று சொல்லிவிட்டு ஒதுங்கிப் போவார்கள். சௌந்தரம் மணல்மேடு ஏறி இறங்கி, குடிசை வாசலில் வெறுங்கூடையை வீசிவிட்டு, நேரே தண்ணீருக்குள் நடந்து வருவாள். கணுக்கால், முழங்கால், இடுப்பு. கால் நிற்காது. வந்து அவன் மேல் முட்டும். முட்டினதும் நிற்கும். இரண்டு கையாலும் அவன் கழுத்தைக் கட்டிக்கொள்வாள்.

"நெத்திலி போச்சா?"

"போச்சு. காரப்பொடிக் கருவாடுதான் கொஞ்சம் மிச்சம், புவனகிரியில சும்மா குடுத்துட்டன். கனக்கறனா மாமா?"

"தண்ணியில என்னா கனம்" என்று அவளைத் தூக்கிக்கொண்டு மேற்கே, குடிசையைப் பார்த்து நடப்பான்.