டப்பாவுக்குள் ஆறு வருடம்

அடுத்தவர் வீட்டுக் கீபோர்டைத் தொடுவதுதான் என் பிழைப்பு. கம்ப்யூட்டர் பழுது பார்க்கிறவனாகப் பதினான்கு வருடமாகத் தொடுகிறேன், இன்னும் பழகவில்லை. ஆனால் அத்தானுடைய கீபோர்டை மற்ற கீபோர்டுகளோடு சேர்த்துப் பேசுவது மற்றவற்றுக்கு அவமானம். கவிழ்த்துத் தட்டினேன். பிஸ்கட் தூள், தலைமுடி, கடித்துத் துப்பிய நகம், கடைசியாக ஒரு கரப்பான் பூச்சியின் கால். குமட்டிக்கொண்டு வந்தது.

"என்ன மாப்ள, கீபோர்டுல என்ன ஆராய்ச்சி? கம்ப்யூட்டரப் பாரு" என்றார் அத்தான். காது குடைந்த பஞ்சுக் குச்சியை மேசை மேலேயே வைத்தார். அங்கே ஏற்கெனவே நான்கு குச்சிகள் கிடந்தன.

ஞாயிற்றுக்கிழமை காலை, பங்குச் சந்தைக்கு விடுமுறை. அதனால்தான் அக்கா அன்றைக்கு வரச் சொல்லியிருந்தாள். அந்த வீட்டில் பங்கு வாங்கி விற்பது அத்தான். எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது, ஏன் என்று யோசிப்பது அக்கா. தினமும் சந்தை மூடியதும் உட்கார்ந்து, காலையில் தான் என்ன நினைத்தாள், என்ன நடந்தது, எங்கே தவறினாள் என்று ஒரே ஃபைலில் எழுதி வந்தாள். ஆறு வருடம், ஒரு நாள் விடவில்லை. வெளியே போனால் அத்தான் அதை "என் மெத்தட்" என்பார். அக்கா வாயைத் திறக்க மாட்டாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த ஃபைலுக்கு இப்போது ஒரு நல்ல காலம் வந்திருந்தது. ஒரு முதலீட்டு நிறுவனம் அவளை நேர்முகத்துக்குக் கூப்பிட்டிருந்தது. மறுநாள், திங்கட்கிழமை பதினோரு மணி. சான்றிதழைவிட அந்தக் குறிப்புகளைத்தான் பார்க்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வேலை கிடைத்தால் வீட்டிலிருந்தே பார்க்கலாம், ஆனால் கம்ப்யூட்டரில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய ஆபரேட்டிங் சிஸ்டம் இருக்க வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அக்காவுக்கு என்று வந்த முதல் அழைப்பு அது.

"என் ஃபைல் பத்திரம்டா. அதான் எனக்கு எல்லாம்" என்று சொல்லிவிட்டு, நல்லதாக ஒரு செருப்பு வாங்கக் கடைக்குக் கிளம்பினாள்.

"நான் இருக்கேன்ல. நீ போய்ட்டு வா" என்றேன்.

அவள் போனதும் அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார். அவர் மூச்சு என் கழுத்தில் பட்டது. அதில் முந்தின நாள் வெங்காயம் இருந்தது.

"என் ஃப்ரெண்டு ஒரு பென் டிரைவ் தரேன்னான். விண்டோஸ், மத்த சாஃப்ட்வேர் எல்லாம் அதுலயே இருக்கு. பைசா செலவில்ல."

"இப்ப இருக்கறதும் அவன் குடுத்ததுதானே அத்தான்? அதுல என்னென்ன புகுந்திருக்குன்னு எனக்கே தெரியல."

"அப்ப லினக்ஸ் போடு. இலவசம், வைரஸே வராதுன்னு ஒருத்தன் வீடியோ போட்டிருக்கான்."

"நல்லதுதான். ஆனா உங்க டிரேடிங் சாஃப்ட்வேர் அதுல ஓடாது."

"ஓட வைக்கலாமாம்."

"சந்தை திறந்த நேரத்துல நின்னு போச்சுன்னா அந்த வீடியோக்காரன் வருவானா?"

உதட்டைப் பிதுக்கினார். கடைசியில் காசு கொடுத்த விண்டோஸ்தான் என்று முடிவானது. டிரேடிங்கைத் தவிர அதில் வேறு எதுவும் கூடாது, படம் இறக்குவது, விளையாட்டு எதுவும் கூடாது என்றேன். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

டிஸ்கை முழுக்கத் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்ற வேண்டும். "பேக்கப் இருக்கா?" என்று கேட்டேன்.

"என்ன மாப்ள இப்படிக் கேட்டுட்ட! வாராவாரம் சனிக்கிழமை நானே எடுக்கறேன். உங்கக்காவுக்கு இதெல்லாம் எங்க தெரியும்?" என்று அலமாரியிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து மூடியைத் திறந்தார்.

உள்ளே ஏழெட்டு பென் டிரைவ்கள். ஒவ்வொன்றிலும் காகிதம் ஒட்டித் தேதி எழுதியிருந்தது. மேலாக இருந்ததில் முந்தின நாள் தேதி. அவற்றோடு உருகி ஒட்டிப்போன இருமல் மிட்டாய்கள், வெட்டிய நகங்கள், உபயோகித்துக் கழற்றிய ஒரு பிளாஸ்திரி. எல்லாம் ஒரு பிசுபிசுப்பில் ஒன்றாகக் கிடந்தன. பிளாஸ்திரியின் நடுவில் பழுப்பாக ஒரு கறை.

என் கை உள்ளே போகவில்லை. தேதியைப் பார்த்தேன், அது போதும் என்று நினைத்தேன். "சரி, மூடுங்க அத்தான்" என்றேன். அந்த வீட்டை விட்டு எப்போது வெளியேறுவோம் என்றிருந்தது எனக்கு. டிஸ்கைத் துடைத்தேன்.

அதன் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. விண்டோஸ் ஏறியது, டிரேடிங் சாஃப்ட்வேர் ஏறியது. பேக்கப்புக்கு என் மனசுக்குப் பிடித்த மாதிரியே ஏற்பாடு செய்தேன். மாலையில் தானாக ஒரு நகல் வெளி டிஸ்குக்குப் போகும், இன்னொன்று இணையச் சேமிப்புக்குப் போகும், மாதம் ஒரு நகல் என் வீட்டுக்கு. பெருமையாகக்கூட இருந்தது.

மத்தியானம் அக்கா செருப்புப் பெட்டியோடு வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு. "முடிஞ்சுதா? என் ஃபைலப் போட்டுடு, ஒரு தடவ பாத்துக்கறேன்."

டிஷ்யூ காகிதத்தைச் சுற்றிக்கொண்டு மேலே இருந்த பென் டிரைவை எடுத்துச் செருகினேன். ஒரே ஒரு ஃபைல். அதன் மூலையில் சின்னதாக ஒரு அம்புக்குறி. அளவு இரண்டு கேபி. ஒரு பக்க எழுத்துக்கே அது போதாது. ஆறு வருடம் இரண்டு கேபிக்குள் அடங்காது.

அது ஃபைல் இல்லை, ஷார்ட்கட். ஃபைல் எங்கே இருக்கிறது என்று வழி காட்டும் அடையாளம், அவ்வளவுதான். அத்தான் வாராவாரம் டெஸ்க்டாப்பில் இருந்த அந்த அடையாளத்தை மட்டும் நகல் எடுத்துத் தேதி போட்டு டப்பாவில் அடைத்திருக்கிறார். அடுத்ததைச் செருகினேன். அதற்கடுத்ததையும். எல்லாவற்றிலும் அதே அம்புக்குறி.

"எப்படி? நான் ஒவ்வொரு தடவையும் செருகித் திறந்து பாத்தேனே, சூப்பரா திறந்துச்சே!" என்று அத்தான் கத்தினார்.

திறக்காமல் என்ன செய்யும்? அதே கம்ப்யூட்டரில் செருகினால் அது டிஸ்கில் இருந்த அசல் ஃபைலைப் போய்த் திறந்திருக்கும். அந்த அசலைத்தான் நான் காலையில் துடைத்திருந்தேன். அழிந்ததை மீட்கும் சாஃப்ட்வேரை இரண்டு மணி நேரம் ஓட்டினேன். இந்த வகை டிஸ்கில் அழிந்தது அழிந்ததுதான் என்று தெரிந்தே ஓட்டினேன். ஒன்றும் வரவில்லை. என்னுடைய அருமையான பேக்கப் ஏற்பாடு, ஒன்றுமில்லாததை மூன்று இடத்தில் பத்திரப்படுத்தக் காத்திருந்தது.

அத்தானைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. வியர்வை ஊறிய பனியன், மேசையில் ஐந்து பஞ்சுக் குச்சிகள், இந்த நேரத்திலும் நகத்தைக் கடிக்கும் வாய். "அறிவிருக்கா உங்களுக்கு? அம்புக்குறி இருக்கே, என்னன்னு ஒரு தடவ யாரையாவது கேட்டிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அக்கா கத்தவில்லை. டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, டிஷ்யூ எதுவும் இல்லாமல், பென் டிரைவ்களை ஒவ்வொன்றாக எடுத்தாள். ஒட்டியிருந்த மிட்டாயை நகத்தால் சுரண்டிப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். ஒவ்வொன்றாகச் செருகி, தானே திறந்து பார்த்தாள். கடைசி ஒன்றிலும் அதே அம்புக்குறி.

"பேக்கப்ப வேற கம்ப்யூட்டர்ல திறந்து பாக்கணும், அதுவரைக்கும் அது பேக்கப்பே இல்லன்னு எல்லார்கிட்டயும் சொல்லுவியே" என்றாள் மெதுவாக. "உன் லேப்டாப் எங்க?"

"பையில இருக்கு."

"காலைலயும் இருந்துச்சா?"

"இருந்துச்சுக்கா."

"ஏன் பாக்கல?"

டப்பாவைப் பார்த்தேன். பிளாஸ்திரி இன்னும் அதில்தான் இருந்தது. தொட அருவருப்பாக இருந்தது என்று எப்படிச் சொல்வது? என் கையில் அழுக்குப் படக்கூடாது என்று நினைத்தேன், அதற்கு விலை அவளுடைய ஆறு வருடம். நான் சொல்லாமலே அவளுக்குப் புரிந்துவிட்டது. மடியிலிருந்த டப்பாவையும் நான் கசக்கிப் போட்டிருந்த டிஷ்யூவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அவருக்குத் தெரியாதுடா" என்றாள். "உனக்குத் தெரியும்."