தளர்வுப் படிவம்

அவர் நீரேற்று மோட்டார் செய்யும் தொழிற்சாலையில் தரப் பரிசோதகர். மோட்டாரின் சுழல்தண்டு ஒன்று மயிரிழை தடித்துப் போனாலும் சிவப்புச் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்பிவிடுவார். அப்படித் திரும்பியவற்றையெல்லாம் உருக்கிக்கொண்டிருந்தால் தொழில் நடக்காது என்பதால், நிர்வாகம் ஒரு வழி வைத்திருந்தது. அதன் பெயர் தளர்வுப் படிவம். என்ன குறை, ஏன் ஏற்கலாம், யார் பொறுப்பு என்னும் மூன்று கட்டங்களை நிரப்பிக் கையெழுத்திட்டால், குறையுள்ள தண்டு குறையற்ற தண்டாகிவிடும்.

ஆண்டின் முதல் நாளன்று அந்தப் படிவத்தில் நூறு தாள்களை அவர் வீட்டுக்குக் கொண்டுவந்தார். கூடவே ஓர் அட்டவணையும் வந்து சமையலறைச் சுவரில் ஏறியது. அதன் இடப்பக்கத்தில் அவருடைய இலக்குகள் ஏழு. வலப்பக்கத்தில் மனைவியின் இலக்கு ஒன்று.

அவருடைய ஏழில் தலையாயது, நாள்தோறும் ஐந்து கிலோமீட்டர் ஓடுதல். மூன்றாம் வாரத்தில் ஓட்டம் நடையாயிற்று. ஆறாம் வாரத்தில் நடை, காலணியின் கயிற்றைக் கட்டுதலாயிற்று. ஒவ்வோர் இறக்கத்துக்கும் முறையான படிவம் இருந்தது. ‘குறை: ஓடவில்லை. ஏற்கக் காரணம்: ஓடும் எண்ணம் நிலைத்திருக்கிறது. பொறுப்பு: மழை.’ மழையால் கையெழுத்திட இயலாது என்பதால் அதன் சார்பில் அவரே இட்டார். நான்காம் மாதத்தில் அவருடைய தேர்ச்சி நூற்றுக்குத் தொண்ணூற்றாறாக இருந்தது.

வண்டிப் பட்டறையில் மெக்கானிக்காக இருந்த அவருடைய மைத்துனன், அக்காவைப் பார்க்க வரும்போதெல்லாம் அட்டவணை முன்னால் சற்று நேரம் நிற்பான்.

“மாமா, ஷூ கட்டினதுக்கு ஒரு டிக் மார்க்கா? கழட்டறதுக்கும் ஒண்ணு போட்டுக்கிட்டா நூறைத் தாண்டிடலாமே!”

“கேலி பண்ணாதடா. பெரிய இலக்கைச் சின்னச் சின்னதா உடைக்கணும்.”

“உடைச்சீங்க, சரி. தூள்கூட மிச்சம் காணலையே!”

மனைவியின் இலக்கு, ஓட்டுநர் உரிமம். அவள் ஒரு சலவைக்கூடத்தில் ஒன்பது ஆண்டுகளாக மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளை நின்றபடியே தேய்த்துக்கொண்டிருந்தவள். துணி ஏற்றும் வேனை ஓட்டியவர் மாதக் கடைசியில் விலகப்போகிறார் என்று தெரிந்த அன்றே அவள் முதலாளியிடம் போய் நின்றாள்.

“முப்பதாம் தேதிக்குள்ள லைசென்ஸ் காட்டும்மா, சாவி உனக்கு,” என்றார் அவர். “இல்லேன்னா என் மச்சினன் வந்து உக்காந்துடுவான். அவன் எங்கயாவது உக்காந்தா எழுந்திரிக்கிற ஆளில்ல.”

தேர்வுக்கு இருபத்திரண்டாம் தேதி கிடைத்தது. தம்பி பட்டறை வேனைக் கொண்டுவந்து சொல்லிக்கொடுத்தான். நான்கு பிளாஸ்டிக் வாளிகளை வைத்து, அவற்றுக்கு நடுவே அவள் பின்னோக்கி நிறுத்திப் பழகினாள். கணவர் ஒரு நாற்காலி போட்டமர்ந்து குறிப்பெடுத்தார். பத்து முயற்சிகளில் மூன்றே தேறின என்பது அவர் கணக்கு.

“வாளி நசுங்கலையே மாமா, லேசாத் தொட்டுது, அவ்வளவுதானே?”

“தொட்டா தொட்டதுதான்.”

இருபதாம் தேதி இரவுச் சாப்பாட்டின்போது அவர் மலர்ந்த முகத்துடன் தொண்டையைச் செருமினார்.

“இன்னிக்கு ஒரு நல்ல காரியம் பண்ணியிருக்கேன். உன் டெஸ்ட்டை அடுத்த மாசம் பதினொண்ணுக்குத் தள்ளிட்டேன்.”

பதிவு அவருடைய கைபேசி எண்ணில் இருந்தது. அவள் தட்டைத் தள்ளிவைத்தாள்.

“என்னை ஒரு வார்த்தை கேக்காமலா?”

“உள்சோதனைல தேறாத சரக்கை வெளிச்சோதனைக்கு அனுப்பக் கூடாது. எங்க கம்பெனில அதுதான் முதல் விதி.”

“நான் சரக்கா?”

“ஒரு உதாரணத்துக்குச் சொன்னேன்.”

“முப்பது தாண்டினா அந்த வேலை போச்சு. தெரியுமில்ல உங்களுக்கு?”

“வேலை இன்னிக்குப் போகும், நாளைக்கு வரும். தரம் போனா வருமா?”

“உங்களுக்கு மட்டும் கத்தை கத்தையாத் தளர்வு. எனக்கு ஒரே ஒரு தாள் கிடையாதாங்க?”

அவர் அந்தக் கேள்வியை நேர்மையாகவே ஆராய்ந்தார்.

“நான் பரிசோதகர்,” என்றார். அதை விடையென்றே அவர் நம்பினார்.

மறுநாள் அவள் உரிம அலுவலகத்துக்குப் போனாள். அவளுடைய இடம் அதற்குள் வேறொருவருக்குப் போயிருந்தது.

“யாராவது வராமப் போனா உங்களை உள்ள விடலாம்,” என்றார் எழுத்தர். “காலைல ஏழு மணிக்கு வந்து பெஞ்சுல உக்காருங்க. ஆனா உறுதி சொல்ல முடியாது.”

உட்கார்ந்தாள். பத்து மணி வரை பெஞ்சு, பிறகு சலவைக்கூடம், இழந்த நேரத்துக்கு ஈடாக மாலையிலும் இஸ்திரி. தம்பி நாள்தோறும் வேனை மதிலோரம் நிறுத்திக் காத்திருந்தான். உரிமம் கேட்போரின் ஒழுங்கு அந்த வாரம் வியக்கத்தக்கதாக இருந்தது, ஒருவர்கூட வராமலிருக்கவில்லை.

“அக்கா, நாளைக்கு வர்றதுல ஒரு ஆளை வழியிலயே பஞ்சர் பண்ணிடவா?”

“வாயை மூடிக்கிட்டு இருடா.”

இருபத்தொன்பதாம் தேதி ஒருவருக்குப் பல்வலி. எழுத்தர் பெஞ்சைப் பார்த்துத் தலையசைத்தார். சாலையில் ஓட்டியது நன்றாகவே முடிந்தது. பின்னோக்கி நிறுத்தும்போது, எல்லைக்கு வைத்திருந்த கூம்புகளில் கடைசியதை வேனின் மூலை உரசியது. கூம்பு சாய்ந்தது, யோசித்தது, நிமிர்ந்தது. அதன் ஆட்டம் அடங்கும்வரை பார்த்திருந்த அதிகாரி பேனாவைத் திறந்தார்.

“விழலை. போங்க.”

சலவைக்கூட முதலாளி உரிமத்தை இருபுறமும் திருப்பிப் பார்த்தார்.

“இப்ப என் மச்சினனுக்கு நான் என்னம்மா பதில் சொல்றது?”

“வேற எங்கயாவது உக்காரச் சொல்லுங்க சார்.”

அவர் சிரித்துக்கொண்டே சாவியைக் கொடுத்தார். மாதம் பிறந்ததும் காலை ஆறரைக்கு மருத்துவமனையில் துணி எடுக்க வேண்டும். வேனை அவள் வீட்டு வாசலிலேயே நிறுத்திக்கொள்ளலாம் என்றார்.

அன்று மாலை கணவர் உரிமத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“எத்தனை கூம்பு தொட்டுச்சு?”

“ஒண்ணு.”

“பாத்தியா! இது அவங்க சோதனை. நம்ம அட்டவணைப்படி நீ பதினொண்ணாம் தேதிதான் தேறணும். அதுவரைக்கும் வண்டியைத் தொட நான் கையெழுத்துப் போட மாட்டேன்.”

“அரசாங்கமே போட்டுடுச்சே மாமா,” என்றான் மைத்துனன்.

“அரசாங்கத்தோட தரம் எனக்குத் தெரியாதா?”

அவள் தட்டுகளைக் கழுவப் போனாள். அது சம்மதம் என்று அவர் குறித்துக்கொண்டார்.

முதல் தேதி காலை, இன்ஜின் உறுமும் ஓசை கேட்டு அவர் லுங்கியுடன் வாசலுக்கு ஓடிவந்தார். படிவக் கோப்பைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, வேனின் முன்னால் கையை விரித்து நின்றார்.

“நான் இன்னும் கையெழுத்துப் போட்டு விடுவிக்கல!”

அவள் ஜன்னல் வழியே தலையை நீட்டினாள்.

“ஆஸ்பத்திரிக்கு நேரமாகுதுங்க. நகருங்க.”

“ஒரு படிவமாவது எழுதிக் குடு. ரெண்டு நாள்ல பரிசீலிக்கிறேன்.”

அவள் ஹாரன் அடித்தாள். எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. மறுபடி அடித்தாள். மாடியில் இரண்டு தலைகள் எட்டிப் பார்த்தன. மூன்றாவது ஹாரனுக்கு அவர் மதிலோடு ஒட்டி நின்றார்.

வேன் அவரை உரசாமல் கடந்தது. இடைவெளி ஒரு சாண் இருக்கும்.