ராய்ஸ்டனின் வழுக்கைக் கை

ராய்ஸ்டனின் இடது முன்கையில் முடி கிடையாது. உளியைத் தீட்டியதும் கூர் ஏறிவிட்டதா என்று அந்தக் கையை மழித்துத்தான் பார்ப்பார். ஷெஃபீல்டில் அவர் போகும் மரவேலைக் கூடத்தில் எல்லாருக்குமே கையில் சின்னதாக ஒரு வழுக்கை உண்டு. ராய்ஸ்டனுக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வழுக்கை. அது தெரியவேண்டும் என்பதற்காக டிசம்பரிலும் அரைக்கைச் சட்டைதான்.

கூடத்தில் ஜன்னலோர மேசை ஒன்றே ஒன்று. வெளிச்சம், ஹீட்டர் எல்லாம் அங்கேதான். டீ கெட்டிலுக்கும் இரண்டே எட்டு. பதினோரு வருடமாக ராய்ஸ்டன் அதைவிட்டு எழுந்ததில்லை. நல்ல உளி வைத்திருப்பவருக்கு நல்ல வெளிச்சம் என்பது அவரே போட்ட சட்டம். போன வாரம் அந்தச் சட்டத்தை டோரீன் கையில் எடுத்தார்; எது நல்ல உளி என்று பார்த்துவிடலாம் என்றார்.

டோரீன் பள்ளிக்கூட ஜன்னல்களைப் பழுது பார்த்தே ஓய்வு பெற்றவர். அவருடைய உளி சூப்பர் மார்க்கெட்டில் வாங்கியது. நாலு உளி பன்னிரண்டு பவுண்டு. பெயிண்ட் டப்பாவையும் அதை வைத்துத்தான் திறப்பார். ராய்ஸ்டனுடையது ஜப்பான் உளி. ஒன்றே இருநூறு பவுண்டு. மெழுகுத் தாள் சுற்றி, மரப்பெட்டிக்குள் படுத்திருக்கும்.

"பூனைத் தீனி வாங்கப் போன இடத்துல உளியும் வாங்கினீங்களாமே அம்மணி. பூனை என்ன சொல்லுது?"

"அதுக்குப் பிடிச்சிருக்காம். உங்களுது ஏன் போர்வையை இழுத்துப் போத்திக்கிட்டே கிடக்கு? சளியா?"

வியாழக்கிழமை போட்டி. எந்த உளியின் கூர் அதிக நேரம் நிற்கிறதோ அதன் சொந்தக்காரருக்கு மேசை. ஓக் கட்டையில் நூறு அடி கொத்தவேண்டும். பிறகு பைன் கட்டையின் முனையைச் சீவவேண்டும். சீவல் சுத்தமாக வந்தால் அடுத்த நூறு. மரம் நசுங்கினால் உளி அவுட். எண்ணுவதற்குச் செயலாளர் நெவில்.

ராய்ஸ்டன் புதன்கிழமை முழுக்கத் தீட்டினார். மற்றவர்கள் முப்பது டிகிரிச் சரிவில் நிறுத்துவதை அவர் பதினெட்டு டிகிரிக்கு மெலிதாக்கினார். அப்போதுதானே முடி பறக்கும். சோதித்துப் பார்க்க இடது கையில் முடி மிச்சமில்லாததால் வலது கையும் வழுக்கையானது.

"கையை நீட்டுய்யா நெவில்" என்றார் மறுநாள் கூடத்தில். நெவிலின் முடி பொடியாக உதிர்ந்தது. டோரீனின் உளி அதே கையில் வெறுமனே சொரிந்துவிட்டு வந்தது. எல்லாரும் சிரித்தார்கள், ராய்ஸ்டன் கடைசியாகச் சிரித்து முடித்தார்.

பிறகு உளியை அடிக்கும் கொட்டாப்புளியை எடுத்தார். முப்பதாவது அடியிலேயே சத்தம் மாறியது. நூறு முடிந்து பைனில் வைத்தால், பழைய ரொட்டி போல மரம் நசுங்கியது. உளியின் வாயில் வரிசையாகப் பல் போயிருந்தது.

டோரீனின் உளி நானூறு அடி கொத்திவிட்டும் சீவியது. சீவல் அழகில்லை, ஆனால் சீவல்தான். கெட்டில் கொதித்துவிட்டதால் நெவில் எண்ணுவதை நிறுத்திக்கொண்டார்.

"ஓக்குல கணு இருந்துச்சு" என்றார் ராய்ஸ்டன்.

"கட்டை நீங்க கொண்டாந்தது."

"இரும்பு..."

"இரும்பை ஏன் வையறீங்க? முப்பதுல தீட்டியிருந்தா அது என் உளியைத் தூக்கிச் சாப்பிட்டிருக்கும். நீங்க அதைச் சவரக்கத்தி ஆக்கிட்டீங்க. சவரக்கத்தியால ஓக் கொத்துவாங்களா?"

அடுத்த வியாழன் ராய்ஸ்டன் கழிப்பறைக் கதவோர மேசையில், முழுக்கைச் சட்டையில் இருந்தார். ஜன்னலோரத்தில் டோரீன் பெயிண்ட் டப்பா திறந்துகொண்டிருந்தார்.

"குளிருதா?"

"இல்ல."

ராய்ஸ்டன் சட்டைக்கு மேலேயே இரண்டு கைகளையும் மாற்றி மாற்றிச் சொரிந்தார். பதினோரு வருடத்துக்குப் பிறகு இடது கையிலும் முடி முளைத்துக்கொண்டிருந்தது.