நாற்காலியில் தங்கிவிட்ட எழுபத்திரண்டு கிலோ

சோபா தைப்பவர் ஆன்லைன் விளையாட்டை விட்டு எழுந்தபோது அவருடைய எடை கூடவே எழுந்திருக்கவில்லை. எழுபத்திரண்டு கிலோவும் நாற்காலியிலேயே தங்கிவிட்டது. நாலாம் நாள், புதிதாகத் தைத்த சோபாவில் உட்கார்ந்து பார்த்தார், மெத்தை அமுங்கவில்லை. இருபது வருடமாக அடுத்தவர் உட்காரும் பள்ளத்தையே அளந்து பிழைத்தவர். தன் பள்ளம் எங்கே போயிற்று என்று யாரிடம் கேட்பது? காற்று தூக்கிவிடாமல் பாரத்துக்கு ஆணிப்பையை இடுப்பில் கட்டிக்கொண்டு நடமாடினார்.

அவர் மனைவி கிளினிக்கில் நர்ஸ். "விளையாட்டா நானா, முடிவு பண்ணுங்க" என்று அவள் கறாராகச் சொன்ன பிறகுதான் அவர் விட்டதே. ஆனால் காலி நாற்காலியில் பள்ளம் அப்படியே கிடந்தது, தொட்டால் சூடு. நான் டியூட்டிக்குப் போனதும் உட்கார்ந்துவிடுகிறார் என்று முடிவுகட்டினாள். கீபோர்டின் மேல் ஒரு தலைமுடியைக் குறுக்கே வைத்துவிட்டுப் போனாள். சாயங்காலம் முடி வைத்த இடத்திலேயே இருந்தது. சந்தேகம் இரட்டிப்பாயிற்று. முடியை எடுத்துவிட்டு அதே இடத்தில் திரும்ப வைக்கத் தெரிந்த மனுஷன் எதுதான் செய்யமாட்டான்? அண்ணனுக்கு போன் போட்டு, பெட்டி ஏற்ற வண்டியோடு வரச் சொன்னாள்.

அண்ணன் ஞாயிற்றுக்கிழமை காலையில் வந்தார். வந்த வேகத்தில் தங்கை புருஷனின் சட்டையைப் பிடித்தார். கொடியில் காய்ந்த துணி மாதிரி ஆள் ஒரே கையில் மேலே வந்துவிட்டார்.

"என்ன மாப்ள, வீட்ல சோறு போடறதில்லையா?"

நர்ஸ் அன்றே கணவனின் ஆணிப்பையைக் கழற்றிவிட்டு அவரை கிளினிக் எடைமெஷினில் ஏற்றினாள். பூஜ்யம். மெஷினை ஒரு தட்டுத் தட்டி, தான் ஏறினாள்: ஐம்பத்தெட்டு. பிறகு நாற்காலியைக் கொண்டுவந்து வைத்தார்கள்: எண்பத்தொன்று. நாற்காலி ஒன்பது போக, மிச்சம் புருஷன்.

காரணம் சுலபமாகவே பிடிபட்டது. விளையாட்டில் அவர் கோட்டை வாசலுக்குக் காவல். ஒரு வார்த்தை சொல்லாமல் எழுந்து வந்துவிட்டார். படையில் மற்ற முப்பத்தாறு பேரும் ஆள் அங்கேதான் உட்கார்ந்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். அன்று மத்தியானமே, மனைவி பக்கத்தில் நிற்க, படையில் எல்லோர் கண்ணிலும் படுகிற இடத்தில் எழுதினார்: "நான் விளையாட்டை விட்டுட்டேன். இனி வரமாட்டேன்."

"போறவன் தண்டோரா போட்டுட்டா போவான்?" என்றான் ஒருவன். "அடுத்த வாரம் பாக்கலாம் தல" என்றான் இன்னொருவன். வாழ்த்தோ வசவோ, ஒரு பதிலுக்கு இரண்டு கிலோ வீதம் திரும்பி வந்தது. முப்பத்தைந்து பேர் பதில் சொன்னார்கள். எழுபதில் நின்றுவிட்டது. வாய் திறக்காத அந்த ஒரு ஆளின் பெயர் வெள்ளைக்கொக்கு.

"யாரது? பொம்பளையா?" என்றாள் நர்ஸ்.

"எனக்கெப்படித் தெரியும்? ஒன்றரை வருஷமா பக்கத்துல நின்னு சண்டை போட்டுச்சு. அவ்வளவுதான்."

"பேரு மட்டும் நல்லா ஞாபகம் இருக்கு."

மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் அவள் ஊசி போடுகிற அறைக் கதவைத் தாழிட்டாள். போனைத் திறந்தாள். ஒன்றரை வருடத்துக்கு முன்பு, கணவனைக் கண்காணிக்கவென்று விளையாட்டுக்குள் புகுந்தபோது அவள் வைத்துக்கொண்ட பெயர்தான் வெள்ளைக்கொக்கு. "சரி, போயிட்டு வாங்க" என்று அடித்தாள். அனுப்பவில்லை. அனுப்பினால் நம்பிவிட்டதாக ஆகும். ஒரு நாள் காய்ச்சல் விட்டதும் நோயாளியை வீட்டுக்கு அனுப்புகிற பழக்கம் அவளுக்குக் கிடையாது. அழித்துவிட்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியைப் பிரித்தாள். அண்ணன் வெறும் வண்டியோடு திரும்பினார்.

ஆறு வருடம் ஓடிவிட்டது. விளையாட்டை விடுகிறவர்கள் ஊரறிய அறிவிப்பதைப் பார்த்து, விளம்பரப் பிரியர்கள் என்று வெளியாட்கள் இன்னும் சிரிக்கிறார்கள். அவர் கதை தெரிந்த இந்தத் தெருவில் யாரும் சிரிப்பதில்லை. அறிவிப்பைப் பார்த்ததும் "சரி" என்று ஒரு வார்த்தை போட்டுவிட்டு வேலையைப் பார்க்கிறார்கள். பாவம், யாருடைய எடையோ.

நாற்காலியில் மட்டும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம். தினமும் டியூட்டிக்குக் கிளம்புமுன் நர்ஸ் அதை அழுத்திப் பார்ப்பாள். போன வாரம் அப்படி அழுத்தும்போது சோபா தைப்பவர் டீயை ஊதிக்கொண்டே சொன்னார்:

"வெள்ளைக்கொக்கை எங்கயாவது பாத்தா சொல்லு. ரெண்டு கிலோவுக்கு ஒண்ணும் அவசரமில்லைன்னு."

"அதை நான் எங்க பாக்கப் போறேன்?" என்றாள் அவள், திரும்பாமல்.

கைக்கடியில் சூடு இருந்தது. அவர் வழக்கம்போல் இரண்டு கிலோ சுத்தியலைப் பையில் போட்டுக்கொண்டு கடைக்குக் கிளம்பினார்.