குசினிச் சுவர்

ஞாயிற்றுக்கிழமை காலை, த்ரீ கிங்ஸ் பூங்காவின் நெட்பால் தரையில் முழங்காலில் நின்றபடி தவராசா வீடு கட்டிக்கொண்டிருந்தார். கல்லும் இல்லை, சிமெந்தும் இல்லை. கையில் இருந்தது மஞ்சள் டேப் மட்டும். பென்ரோஸில் அவர் வேலை செய்யும் கிடங்கில், சாமான் அடுக்கும் புதிய ராக்கை நிறுத்துவதற்கு முன் அதன் அளவை நிலத்தில் ஒட்டி, வெறும் ஃபோர்க்லிஃப்ட்டை ஓட்டிப் பார்ப்பார்கள். கடதாசியில் சரியாக இருப்பது வண்டி திரும்பும்போதுதான் இடிக்கும். வீட்டுக்கும் அப்படியே செய்து பார்ப்போம் என்று அவர் சொன்னபோது மகள் நிருஜா விழுந்து விழுந்து சிரித்தாள். இப்போது லாப்டாப்பை மடியில் வைத்து அளவு சொல்லிக்கொண்டிருப்பதும் அவள்தான்.

"ஹோல் முடிஞ்சுது அப்பா. இனி பின்குசினி."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மனைவி யோகராணி எழுந்து கிட்டப் போய் நின்றாள். பின்குசினி அவள் கேட்டு வாங்கியது.

இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து வாடகை வீடுகள்தான். வீட்டைச் சோதிக்க வரும் ஏஜென்சிப் பெண் வாசலிலேயே மூக்கைச் சுளிப்பாள். திரைச்சீலையில் கறி மணக்கிறது, ஜன்னலைத் திறவுங்கள் என்பாள். யோகராணி பொரியலையும் தாளிப்பையும் கராஜுக்குள் கொண்டுபோய்விட்டாள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் நாள் முழுக்க ஈரத்துணி தூக்கிவிட்டு வந்து, ஜாக்கெட்டைக் கழற்றாமல் அங்கே நின்று மீன் பொரிப்பாள். சிமெந்துத் தரையின் குளிர் கால் வழியே ஏறி இடுப்பில் நிற்கும். வீட்டுக்குள் மற்றவர்கள் சிரிக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.

மவுண்ட் ரோஸ்கில்லில் வீடு கட்ட ஒரு பின்காணி கைக்கு வந்ததும் யார் யாருக்கு என்ன வேண்டும் என்று பேச்சு எழுந்தது. அவள் ஒன்றைத்தான் கேட்டாள். சுவரும் கதவும் வைத்து, மணம் வெளியே வராத ஒரு பின்குசினி. யாரும் மறுக்கவில்லை. தவராசா வேலைச் சாமான் வைக்க நினைத்திருந்த அறையை விட்டுக்கொடுத்தார். அவருடைய தங்கை ரதிதேவி முதியோர் இல்லமொன்றில் வேலை செய்துகொண்டு இவர்களோடேயே இருப்பவள். அவள் தன்னுடைய குளியலறையைச் சுருக்கச் சொன்னாள்.

"மச்சாள் நிண்டு சமைக்கிற இடம் பெருசா இருக்கட்டும். நான் என்ன, பாத்ரூமுக்கை நீந்தவே போறன்?"

பிளான் கீறிய ரவிசங்கர் நாளைக் காலை அதை அனுமதிக்காகக் கவுன்சிலுக்கு அனுப்பிவிடுவான். அதற்குப் பிறகு ஒரு சுவரை அசைக்க வேண்டுமென்றாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தவராசா கடைசித் துண்டு டேப்பைக் கிழித்து ஒட்டிவிட்டு எழுந்தார். "சரி. இப்ப ஒரு வேலைநாளை ஓட்டிப் பாப்பம். ராணி, நீர் போய்ச் சமையும்."

தேத்தண்ணிப் பிளாஸ்கும் வடையும் கொண்டுவந்த, சூடும் குளிரும் காக்கும் சில்லி பின் பெட்டிதான் அடுப்பு. யோகராணி அதைப் பின்குசினிக்குள் வைத்து, பிளானில் இருந்தபடியே பின்சுவரைப் பார்த்து நின்றாள். அவளுடைய முதுகுக்குப் பின்னால், டேப்புக்கு அந்தப் பக்கம் எல்லோரும் கூடியிருக்கும் ஹோல். அங்கே மடக்குக் கதிரைகளில் ரதிதேவியும் நிருஜாவும். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரர் டேப்பை மிதிக்காமல் சுற்றிப் போனார்.

ரதிதேவி தன் வேலையிடத்துக் கதையைத் தொடங்கினாள். "எங்கட கிழவர் ஒருத்தர் பல்லுசெட்டைக் காணேல்லை எண்டு மூண்டு நேர்ஸை ஓடவிட்டுட்டார். கடைசியிலை பாத்தால்…"

"வாய்க்குள்ளையே இருந்தது?" என்று யோகராணி திரும்பிச் சிரித்தாள்.

"அம்மா! உங்களுக்கு இது கேக்காது. சுவர் இருக்கெல்லே? அதுவும் சத்தம் போகாத சுவர். நீங்கள்தானே கதவும் பூட்ட வேணும் எண்டனீங்கள்."

நிருஜா விளையாட்டாகத்தான் சொன்னாள். யோகராணி மறுபடி பின்சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டாள். கதை அவளுக்குப் பின்னால் தாழ்ந்த குரலில் போனது. முடிவில் இரண்டு பேரும் குலுங்கிச் சிரித்தார்கள்.

இது கராஜ்தான். பெயின்ட் அடித்த கராஜ். சாகும்வரை இதற்குள்தான் நிற்கப்போகிறேன், அதையும் நானே கேட்டு வாங்கியிருக்கிறேன் என்று அவளுக்கு அந்த இடத்தில் விளங்கியது. ஆனால் எந்த வாயால் சொல்வது? ஒருத்தர் அறையை விட்டார், ஒருத்தி குளியலறையை விட்டாள். எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டு, இப்போது வேண்டாம் என்றால் இவள் என்ன மனுசி? அவள் பெட்டி மூடியின் மேல் கரண்டியைச் சுழற்றுவதுபோல் கையைச் சுழற்றினாள்.

"இப்ப நான் வேலையாலை வாறன்," என்றார் தவராசா. தூரத்துக்குப் போய்த் திரும்பி வந்தார். வாசல் டேப்பில் உண்மையாகவே சப்பாத்தைக் கழற்றினார். "அப்பாடா" என்றார். கதிரைகளைக் கடந்து நேராக வந்து, யோகராணியின் தோளோடு தோள் நின்று கையை நீட்டினார்.

"தேத்தண்ணி இருக்கே?"

"அப்பா! சுவருக்குள்ளாலை போறீங்கள்! கதவு அந்தப் பக்கம்."

"ஓ, மறந்துபோனன்."

திரும்பப் போனார். திரும்பச் சப்பாத்து, திரும்ப அப்பாடா. திரும்பவும் அதே டேப்பைத் தாண்டி வந்து அதே இடத்தில் நின்றார்.

ரதிதேவி கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுற மனுசன் வீட்டை இடிச்சுக்கொண்டு வாறார்! நாய் கொண்டுவந்த அந்த வெள்ளைக்கும் தெரியுது சுவர். உங்களுக்குத் தெரியேல்லை. விடுங்கோ அண்ணை, கதவு எங்கையெண்டு நான் காட்டுறன்." எழுந்தாள். கண் வடைப் பெட்டியில் பட்டது. டேப்பை மிதித்துக்கொண்டு உள்ளே வந்து ஒரு வடையை எடுத்துக் கடித்தாள்.

"மாமி, நீங்களுமா!" இரண்டு பேரையும் வெளியே இழுப்பதற்காக ஓடிவந்த நிருஜாவின் காலும் சுவருக்குள்ளால்தான் வந்தது.

இப்போது நான்கு பேரும் பின்குசினிக்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். ஹோலில் வெறும் கதிரைகள். யாருக்கும் சிரிப்பு நிற்கவில்லை. தவராசாதான் முதலில் நிறுத்தினார். குனிந்து, மிதிபட்டுச் சுருண்டுபோன டேப்பைப் பார்த்தார்.

"வேலையிலை, ராக்கு நிக்கிற இடத்தாலை ஆக்கள் நடந்தால் நாங்கள் ஆக்களை ஏசுறேல்லை. ராக்கைத்தான் தள்ளி வைக்கிறது." அவளைப் பார்த்தார். "ராணி, உமக்கு இந்தச் சுவர் வேணுமே?"

"நான்தானே கேட்டனான்."

"அது அப்ப. நான் இப்ப கேக்கிறன்."

"மணம்…"

"ஆர் வந்து மூக்கைச் சுளிக்கப்போகினம்? எங்கட வீடு."

"சுளிக்கிற ஆக்கள் வரட்டும் மச்சாள்," என்றாள் ரதிதேவி, வாயில் வடையோடு. "ஒரு கோப்பை சோறு போட்டுக் குடுப்பம். மூக்குத் தானா நேராகும்."

யோகராணி இல்லையென்று தலையாட்டினாள். "எனக்கு வேண்டாம். இந்தச் சுவர் வேண்டாம். நீங்கள் எல்லாரும் விட்டுக்குடுத்தது, அதுதான் வாய் வரேல்லை…"

"விசர்க் கதை கதையாதையும்," என்று சொல்லிவிட்டுத் தவராசா டேப்பின் நுனியைப் பிடித்து இழுத்தார். சர்ரென்று ஒரு சுவர் கழன்று வந்தது. அதை உருண்டையாக்கிக் காற்சட்டைப் பையில் திணித்தார்.

நிருஜா அதற்குள் ரவிசங்கருக்குப் போன் போட்டுவிட்டாள். சுவர் இல்லை, அடுப்பு ஹோலைப் பார்த்தபடி, மேலே இருக்கிறதிலேயே பெரிய புகையிழுக்கிற விசிறி. சுவர் போனதால் பின்குசினிக்கு ஒதுக்கிய இடத்தில் ஒரு பகுதியும் மிஞ்சியது.

"அப்ப என்ரை பாத்ரூம்?"

"நீந்திற அளவுக்கு வரும் மாமி."

"மீன் மட்டும் வெளியிலைதான்," என்றாள் யோகராணி கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஒரு கூரை போட்டுத் தாங்கோ, அது போதும். மீன் மணம் சோபாவிலை ஏறினால் நானே மூக்கைச் சுளிப்பன்."

தூறல் ஒன்று இரண்டாக விழத் தொடங்கியது. ஒருவரும் அசையவில்லை. இந்த மூன்று பேரும் தன்னிடம் வருவதற்குச் சுவரையே மதிக்கவில்லை என்று அவள் நினைத்துக்கொண்டாள். சில்லி பின்னைத் தூக்கி ஹோலைப் பார்க்கத் திருப்பி வைத்தாள். பிளாஸ்கைத் திறந்து எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினாள். மூன்று முகமும் நேரே தெரிந்தன.

"ரதி, அந்தப் பல்லுக் கிழவரின்ரை கதையை முதல்லயிருந்து சொல்லும். எனக்குத்தான் கேக்கேல்லையே."